கண் மங்கிய நாள்களில் சூரியனைப் பாடியவர்! - அசிசி பிரான்சிஸின் சந்தோஷம் எங்கிருந்து வந்தது?

உங்க போனை ஒரு நிமிஷம் பாருங்க. இன்ஸ்டாகிராம், உபெர், ட்விட்டராக இருந்து எக்ஸ் ஆன ஆப்... இந்த மூன்றுமே அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் தொடங்கப்பட்டவை. அப்படியே பக்கத்து காபி ஷாப்புக்குப் போய் ஒரு கப்புச்சினோ சொல்லுங்க. கப்புச்சின் துறவிகள் அணியும் பழுப்பு நிற அங்கியை வைத்துத்தான் அந்த காபிக்கு அந்தப் பெயரே வந்தது.

அந்த நகரத்தின் பெயருக்கும் இந்த காபியின் பெயருக்கும் பின்னால் இருப்பவர் ஒரே ஆள்தான். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலியில் வாழ்ந்த பிரான்சிஸ். அசிசி என்ற ஊரில் பிறந்ததால் அசிசி பிரான்சிஸ். சான் பிரான்சிஸ்கோ என்றால் புனித பிரான்சிஸ். கப்புச்சின் துறவிகள் அவர் வழியில் வந்த ஒரு கிளை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்தின் பெரும் பணக்கார நகரங்களில் ஒன்றுக்குப் பெயர் கொடுத்த இந்த மனிதர், ஒரு காசுகூட கையில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று வாழ்ந்தவர். சொந்த வீடு கிடையாது. கடைசிக் காலத்தில் கண் பார்வை மங்கிப்போனது. தான் உருவாக்கிய குழுவிலேயே தன் பேச்சு எடுபடாத நிலையையும் பார்த்தார். இவ்வளவும் நடந்த பிறகும், கிறிஸ்தவ உலகத்தில் சந்தோஷத்துக்கு உதாரணம் கேட்டால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று இவருடையது.

எப்படிங்க முடிஞ்சது? அதைத்தான் பார்க்கப்போறோம்.

ஊருக்கே பார்ட்டி வைத்த பையன்

1181 அல்லது 1182-ல் பிறந்தார் பிரான்சிஸ். அப்பா பியெத்ரோ தி பெர்னார்தோனே, அசிசியின் வசதியான துணி வியாபாரி. அம்மா பெயர் பீக்கா. அப்பா வியாபார விஷயமாக பிரான்ஸுக்குப் போயிருந்தபோது குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஜொவான்னி, அதாவது யோவான். ஊர் திரும்பிய அப்பா, பிரான்ஸ் மீதிருந்த பிரியத்தில் மகனை பிரான்செஸ்கோ என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது.

நம்ம ஊர் பாஷையில் சொன்னால், இளவயது பிரான்சிஸ் ஒரு செம ஜாலியான ஆள். நல்ல துணி, நல்ல சாப்பாடு, ராத்திரி முழுக்க நண்பர்களோடு தெருவில் பாட்டு. செலவெல்லாம் இவர் கணக்கு. கூட்டத்துக்குத் தலைவனும் இவரே. பிரெஞ்சு நாடோடிப் பாடகர்களின் பாடல்கள் என்றால் உயிர். அவருக்கு ஒரு பெரிய கனவும் இருந்தது. குதிரையேறி, கவசம் அணிந்து, போரில் பெயர் வாங்கி ஒரு வீரப் பிரபுவாக வேண்டும். வியாபாரியின் மகன் சமூகத்தில் ஒரு படி மேலே ஏற அதுதான் அந்தக் காலத்து வழி.

1202-ல் அந்த வாய்ப்பு வந்தது. பக்கத்து நகரமான பெரூஜியாவுக்கும் அசிசிக்கும் சண்டை. பிரான்சிஸும் கிளம்பினார். அசிசி தோற்றது. இவர் கைதியாகி, பெரூஜியாவில் ஏறக்குறைய ஓராண்டு சிறையில் கிடந்தார்.

சிறையிலும் பிரான்சிஸ் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்ததாக அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. உடன் இருந்தவர்கள் இவனுக்குப் பைத்தியமா என்று எரிச்சலானார்களாம். யாரோடும் ஒத்துப்போகாமல் திமிராக இருந்த ஒரு வீரரை மற்ற கைதிகள் எல்லாம் ஒதுக்கிவைத்தபோது, அவரிடம் போய்ப் பேசியவரும் பிரான்சிஸ்தான்.

சரி, இவர் பிறவியிலேயே கலகலப்பான ஆள், அதனால்தான் சந்தோஷமா இருந்தார் என்று முடிவு கட்டிடாதீங்க. அந்தக் கலகலப்பு சீக்கிரமே உடைந்துபோனது.

எதுவுமே பிடிக்காமல் போன நாள்கள்

சிறையிலிருந்து வந்த பிறகு நீண்ட நாள் நோயில் படுத்தார். கொஞ்சம் தேறியதும், ஒரு கோலை ஊன்றிக்கொண்டு வெளியே வந்து நின்றார். கண் முன்னால் அவருக்குப் பிடித்த வயல்கள், திராட்சைத் தோட்டங்கள். உம்ப்ரியா பகுதியின் அழகு அப்படி. ஆனால் மனசுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. முன்பு எதைப் பார்த்தாலும் துள்ளிய மனசு, இப்போது எதற்கும் அசையவில்லை. அது அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது.

இந்த இடம் உங்களில் சிலருக்கு நல்லாவே புரியும். பிடித்த பாட்டு ஓடும், ஆனா கேட்கத் தோணாது. நண்பர்கள் கூப்பிடுவாங்க, போகத் தோணாது. நேற்று வரை சந்தோஷம் தந்த அதே விஷயங்கள் இன்று வெறுமையாக இருக்கும். உலகமே கொண்டாடும் ஒரு புனிதரும் அந்த வெறுமையைக் கடந்துதான் வந்திருக்கிறார்.

அதைச் சரிசெய்ய அவர் முதலில் பிடித்ததும் பழைய கனவைத்தான். 1205 வாக்கில், தென் இத்தாலியில் நடந்த போருக்கு மறுபடியும் கவசத்தோடு கிளம்பினார். ஸ்போலேத்தோ என்ற ஊர் வரைதான் போக முடிந்தது. அங்கே இரவில் வந்த ஒரு கனவு அவரைத் திருப்பி அனுப்பியது. பெரிய வீரனாக வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனவர், கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்து நின்றார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க.

கசப்பு இனிப்பாக மாறிய இடம்

அப்படியானால் திருப்புமுனை எது? பிரான்சிஸ் சாவதற்கு முன் எழுதவைத்த உயில் போன்ற ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் தன் மாற்றத்தை அவரே சொல்கிறார். கனவையோ காட்சியையோ அவர் அங்கே முதலில் சொல்லவில்லை. தொழுநோயாளிகளைத்தான் சொல்கிறார்.

அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தவர்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். நல்ல துணி, நல்ல வாசனை என்று வளர்ந்த பிரான்சிஸுக்கு அவர்களைப் பார்ப்பதே தாங்க முடியாத கசப்பாக இருந்தது. ஒருநாள் குதிரையில் போகும்போது எதிரே ஒரு தொழுநோயாளி. வழக்கம்போல் விலகிப் போகாமல், இறங்கி, அவருக்குக் காசு கொடுத்து முத்தமிட்டார் என்று சொல்கிறது வரலாறு. அதன்பின் அவர்கள் வாழ்ந்த இடத்துக்கே போய் அவர்களோடு தங்கி, புண்களைக் கழுவினார். எது கசப்பாக இருந்ததோ அதுவே தனக்கு உடலுக்கும் மனதுக்கும் இனிப்பாக மாறியது என்பது அவருடைய சாட்சி.

கவனிச்சீங்களா? வயலும் தோட்டமும் தர முடியாத சந்தோஷம், அவர் அதிகம் அருவருத்த இடத்திலிருந்து திரும்பி வந்தது. அந்த மனிதர்களுக்கு மேலே நின்று இரக்கம் காட்டியபோது அது வரவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது வந்தது. இயேசுவைத் தேடியவருக்கு, ஊர் ஒதுக்கிய மனிதர்கள் நடுவில் அவர் தென்பட்டார். அதற்குப் பிறகு பிரான்சிஸின் வாழ்க்கை முழுக்க இந்த ஒரே பாதைதான். கீழே இறங்கு, அங்கேதான் அவர் இருக்கிறார்.

அப்பாவின் கோபமும் ஆயரின் முற்றமும்

அசிசிக்கு வெளியே சான் தமியானோ என்ற சிறிய ஆலயம் பாழடைந்து கிடந்தது. அங்கே சிலுவையின் முன் ஜெபித்தபோது, இடிந்துகொண்டிருக்கும் தன் வீட்டைச் சரிசெய்யும்படி கிறிஸ்து கேட்பதாக உணர்ந்தார் பிரான்சிஸ். அதை அப்படியே நேரடியாக எடுத்துக்கொண்டார். அப்பாவின் கடைத் துணிகளைப் பக்கத்து ஊரான ஃபோலிஞ்ஞோவுக்குக் கொண்டுபோய், ஏறிப்போன குதிரையோடு சேர்த்து விற்று, ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணத்தைக் கொடுக்கப் போனார். அங்கிருந்த குரு பயந்துபோய் வாங்க மறுத்துவிட்டார்.

அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நியாயம்தானே? துணி அவருடையது. மகனைப் பிடித்து வீட்டிலேயே அடைத்துவைத்தார். அப்பா வெளியூர் போன நேரத்தில் அம்மா திறந்துவிட்டார். கடைசியில் விஷயம் ஆயர் குய்தோவின் முன் வழக்காக வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடு என்றார் ஆயர். பிரான்சிஸ் பணத்தை வைத்தார். அதோடு நிற்கவில்லை, உடுத்தியிருந்த ஆடைகளையும் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு, இனிமேல் தனக்குப் பரலோகத்தில் இருப்பவரே தந்தை என்று அறிவித்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஆயர் தன் மேலங்கியால் அவரைப் போர்த்தினார்.

சினிமாவில் இந்த இடத்தில் பின்னணி இசை வைத்து முடித்துவிடுவார்கள். நிஜத்தில் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தெருவில் மகனைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா சபித்தார். பிரான்சிஸுக்கு அது வலித்தது. அதனால் ஓர் ஏழை மனிதரைத் தன் அப்பாவாக ஏற்றுக்கொண்டு, பெற்ற அப்பா சபிக்கும்போது தன்னை ஆசீர்வதிக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். சந்தோஷமாக வாழ்ந்தவர் என்றால் வலியே இல்லாதவர் என்று அர்த்தம் இல்லை. அந்தச் சாபத்தைக் காதில் வாங்கிக்கொண்டுதான், கல் பிச்சை கேட்டு, தன் கையாலேயே சான் தமியானோவைக் கட்டி முடித்தார்.

நாங்க சின்னவங்க!

கொஞ்ச நாளில் ஆள்கள் சேர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்களில் ஒருவர் பெர்னார்து, ஊரின் பணக்காரர். சொத்தை எல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். 1209-ல் பிரான்சிஸும் கூட்டாளிகளும் ஆக 12 பேர் ரோமுக்கு நடந்து போய், போப் மூன்றாம் இன்னொசென்ட்டிடம் தங்கள் வாழ்க்கைமுறைக்கு வாய்மொழி அனுமதி வாங்கினார்கள்.

குழுவுக்கு அவர் வைத்த பெயரே ஒரு கொள்கைதான்: சிறிய சகோதரர்கள். அந்த ஊரில் பிரபுக்களைப் பெரியவர்கள் என்றும் சாமானியர்களைச் சிறியவர்கள் என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். இரண்டு தரப்புக்கும் சண்டையும் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் பெரியவனாகத் துடித்த பையன், சின்னவங்க என்ற பெயரைத் தானே எடுத்து ஒட்டிக்கொண்டார்.

ஆரம்பத்தில் ரிவோதோர்த்தோ என்ற இடத்தில் ஒரு குடிசையில் இருந்தார்கள். கால் நீட்ட இடம் போதாது. யாருக்கு எந்த இடம் என்று தெரிய, உத்திரத்தில் பெயர்களை எழுதிவைத்தார் பிரான்சிஸ். ஒருநாள் ஒரு விவசாயி, இவர்கள் இந்த இடத்தைப் பிடித்துவிடுவார்களோ என்று நினைத்து, தன் கழுதையை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சண்டை போட்டிருக்கலாம். பிரான்சிஸ் தன் ஆள்களை அழைத்துக்கொண்டு பேசாமல் கிளம்பிவிட்டார். போய்ச் சேர்ந்த இடம் போர்ஸியுங்கோலா என்ற சிறிய ஆலயம். கடைசி வரை அதுதான் அவர்களுடைய தாய்வீடு.

அந்த ஆரம்ப நாள்களில் நடந்த இன்னொரு சம்பவம். எல்லோரும் கடுமையாக நோன்பு இருந்த காலம். நள்ளிரவில் ஒரு சகோதரர் பசி தாங்காமல், செத்துப்போகிறேன் என்று கத்தினார். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். நீங்க தலைவராக இருந்தால் என்ன செய்வீங்க? பிரான்சிஸ் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. இருந்த உணவை எடுத்துவைக்கச் சொல்லி, எல்லோரையும் உட்காரவைத்து, தானும் சேர்ந்து சாப்பிட்டார். தனியாகச் சாப்பிட்டால் அந்தச் சகோதரர் வெட்கப்படுவாரே என்பதற்காக.

தாழ்மை என்றால் தலையைக் குனிந்து, என்னால ஒண்ணும் முடியாதுங்க என்று சொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பிரான்சிஸிடம் அது வேறு மாதிரி. அடுத்தவன் கூனிக்குறுகாமல் இருக்க, நாம் அவனுக்குப் பக்கத்தில் போய் உட்காருவது.

1212-ல் குருத்து ஞாயிறு இரவில், அசிசியின் உயர்குடிப் பெண் கிளாரா வீட்டைவிட்டு வந்து இதே வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தார். சான் தமியானோவில் அவரைச் சுற்றி ஒரு பெண்கள் சமூகம் வளர்ந்தது.

போர்க்களத்தில் ஒரு வெறுங்கை மனிதர்

1219. எகிப்தின் டாமியெட்டா நகரத்தைச் சிலுவைப்போர்ப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. பிரான்சிஸ் அங்கே போனார். ஆயுதமில்லாமல், ஒரே ஒரு சகோதரரை அழைத்துக்கொண்டு, போர் எல்லையைத் தாண்டி சுல்தான் அல்-காமிலைப் பார்க்கப் போனார். தலை போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சுல்தான் அவர் சொன்னதைக் கேட்டு, மரியாதையோடு பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்.

போர் நிற்கவில்லை. சுல்தானும் மதம் மாறவில்லை. கணக்குப் பார்த்தால் இது தோல்விப் பயணம். ஆனால் அதன்பின் 1221-ல் எழுதப்பட்ட சபை விதிகளில், முஸ்லிம்கள் நடுவே போகும் சகோதரர்கள் வாக்குவாதம் செய்யாமல், எல்லோருக்கும் பணிந்து வாழ்வதும் ஒரு வழி என்று எழுதிவைத்தார். சிலுவைப்போர் நடந்த காலத்தில் இப்படி எழுதியது சின்ன விஷயம் இல்லை.

தன் குழுவே தன் கையில் இல்லாதபோது...

பிரான்சிஸின் உண்மையான சோதனை வெளியிலிருந்து வரவில்லை. அவர் கிழக்கில் இருந்த நேரத்தில் குழு ஆயிரக்கணக்கானவர்களாக வளர்ந்திருந்தது. படித்தவர்கள் வந்தார்கள். நிரந்தர வீடு வேண்டும், புத்தகங்கள் வேண்டும், விதிகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அதில் நியாயமும் இருந்தது. 12 பேர் வாழ்ந்த மாதிரி ஆயிரம் பேர் வாழ முடியாதுதானே?

பிரான்சிஸ் இதை எப்போதும் புன்னகையோடு ஏற்றார் என்று சொன்னால் அது பொய். போர்ஸியுங்கோலாவில் தான் இல்லாதபோது ஒரு கல் வீடு முளைத்திருப்பதைப் பார்த்து, கூரை மேல் ஏறி ஓடுகளைப் பிடுங்கி எறிய ஆரம்பித்தார். இது நகராட்சி கட்டிய கட்டடம், எங்களுக்குச் சொந்தம் என்று நகரத்தின் வீரர்கள் சொன்ன பிறகுதான் இறங்கினார்.

1220-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். தன் கையால் தொடங்கியதை இன்னொருவர் கையில் கொடுத்து, அவருக்குக் கீழ்ப்படிவதாகச் சொன்னார். ஸ்டார்ட்அப் தொடங்கியவரே அதில் சாதாரண ஊழியராக மாறுவது மாதிரி. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு கஷ்டம்!

உண்மையான சந்தோஷம் எது என்று அவர் சகோதரர் லியோவுக்குச் சொன்ன ஒரு கதை உண்டு. பாரிஸின் பேராசிரியர்கள் எல்லோரும் நம் சபையில் சேர்ந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் அது உண்மையான சந்தோஷமா? இல்லை. பிரான்ஸ், இங்கிலாந்து அரசர்களே சேர்ந்துவிட்டால்? அதுவும் இல்லை. அப்படியானால் எது?

குளிர்கால நள்ளிரவு. பெரூஜியாவிலிருந்து நடந்து வருகிறார் பிரான்சிஸ். அங்கியின் ஓரத்தில் பனி உறைந்து, காலில் இடித்து ரத்தம் வருகிறது. போர்ஸியுங்கோலாவின் கதவைத் தட்டுகிறார். உள்ளே இருக்கும் சகோதரர், நீ படிக்காதவன், இப்போது நாங்கள் நிறைய பேர் இருக்கிறோம், உன் தேவை எங்களுக்கு இல்லை என்று விரட்டுகிறார். மறுபடி தட்டினாலும் அதே பதில். அந்த நேரத்தில் பொறுமை இழக்காமல், மனசு கலங்காமல் நிற்க முடிந்தால் அதுதான் உண்மையான சந்தோஷம் என்று முடித்தார்.

இந்தக் கதையில் கதவைச் சாத்துவது எதிரி இல்லை. தன் சொந்தச் சகோதரன். பிரான்சிஸ் எங்கே காயப்பட்டிருந்தார் என்பது இதைப் படிக்கும்போதே தெரியும். அந்தக் காயத்தை மறைக்காமல், அதற்குள்ளேயே நின்று சந்தோஷத்தைத் தேடினார்.

1223 நவம்பரில் சபையின் இறுதி விதிகளுக்கு போப் மூன்றாம் ஹொனோரியுஸ் ஒப்புதல் அளித்தார். அதற்கடுத்த மாதம், கிரெச்சோ என்ற மலைக் கிராமத்தில் கிறிஸ்துமஸ். வைக்கோல், மாடு, கழுதை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, கடவுள் எவ்வளவு ஏழ்மையாகப் பிறந்தார் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு மலையேறி வந்தார்கள். டிசம்பர் வந்ததும் நம்ம ஊர் வீடுகளில் வைக்கோலும் வண்ண விளக்குமாகக் குடில் கட்டுகிறார்களே, அந்த வழக்கம் பரவியதில் இந்த இரவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இருட்டறையில் பிறந்த சூரியப் பாட்டு

1224 செப்டம்பரில் லா வெர்னா மலையில் ஜெபித்தபோது, சிலுவையில் இயேசு அடைந்த காயங்களைப் போன்ற காயங்கள் அவர் உடலில் தோன்றின. அதை அவர் யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் மறைக்கவே பார்த்தார்.

அதற்குள் உடம்பு முழுவதும் தளர்ந்துவிட்டது. கிழக்கே போன பயணத்தில் பற்றிய கண் நோய் முற்றியது. 1225-ல் சான் தமியானோவில் ஒரு சின்ன அறையில் 50 நாள்களுக்கு மேல் கிடந்தார். பகலில் சூரிய வெளிச்சத்தையும் இரவில் விளக்கு வெளிச்சத்தையும் அவர் கண்கள் தாங்கவில்லை. வலியில் தூக்கம் இல்லை. எலிகள் மேலே ஓடின. ஒருநாள் இரவு, தன்மீதே அவருக்குப் பரிதாபம் வந்துவிட்டது. தாங்கிக்கொள்ளும் சக்தியைக் கொடு என்று கடவுளிடம் கெஞ்சினார்.

மறுநாள் காலை எழுந்து அவர் ஒரு பாட்டு கட்டினார். படைப்புகளின் பாடல் என்று இன்று உலகம் அழைக்கும் பாட்டு. அதில் முதலில் வருவது யார் தெரியுமா? சூரியன். எந்த வெளிச்சம் அவர் கண்களைக் குத்தியதோ, அந்தச் சூரியனை அண்ணன் என்று அழைத்து அதற்காகக் கடவுளைப் புகழ்ந்தார். நிலா சகோதரி, காற்று சகோதரன், தண்ணீர் சகோதரி, நெருப்பு சகோதரன், பூமி தாய். படித்தவர்களின் லத்தீனில் இல்லை, தெருவில் மக்கள் பேசிய மொழியில் எழுதினார். இத்தாலிய மொழி இலக்கியத்தின் மிகப் பழைய படைப்புகளில் அது ஒன்று. 2015-ல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய சுற்றுமடலுக்குத் தலைப்புகூட இந்தப் பாட்டிலிருந்துதான் வந்தது.

இளவயதில் உடம்பு நன்றாக இருந்தும் அதே வயல்களைப் பார்த்து ஒன்றும் தோன்றாமல் நின்றாரே, நினைவிருக்கா? இப்போது பார்க்கவே முடியாத நிலையில் எல்லாமே சொந்தக்காரர்களாகத் தெரிகிறார்கள்.

பிறகு கண்ணுக்குச் சிகிச்சை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காது ஓரத்திலிருந்து புருவம் வரை சுடுவதுதான் அந்தக் கால வைத்தியம். இரும்பு சிவந்துகொண்டிருந்தபோது, சகோதர நெருப்பிடம் கொஞ்சம் மென்மையாக நடந்துகொள் என்று கேட்டுக்கொண்டாராம். பக்கத்தில் நின்ற சகோதரர்கள் பார்க்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார்கள். சிகிச்சையால் பலன் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில் அசிசியின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் கடும் பகை. படுக்கையில் இருந்தபடியே பாட்டில் மன்னிப்பு பற்றி ஒரு பகுதியைச் சேர்த்து, இருவர் முன்னிலும் பாடும்படி சகோதரர்களை அனுப்பினார். கேட்ட இருவரும் சமாதானமானார்கள்.

பாட்டோடு போன உயிர்

1226. சாவு நெருங்குவது தெரிந்துவிட்டது. ஆயர் இல்லத்தில் படுத்திருந்த பிரான்சிஸ், சகோதரர்களை அழைத்துத் தன் பாட்டைப் பாடச் சொன்னார். பகலிலும் பாட்டு, இரவிலும் பாட்டு. பொறுப்பில் இருந்த சகோதரர் எலியாஸுக்குச் சங்கடம். புனிதர் என்று ஊர் நம்பும் ஒருவர், சாவைப் பற்றி யோசிக்காமல் பாடிக்கொண்டிருந்தால் வெளியே காவல் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பிரான்சிஸ் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். நோயின் நடுவிலும் கடவுளில் மகிழ என்னை விடுங்கள் என்றார். பாட்டில் கடைசியாகச் சாவையும் சகோதரி என்று சேர்த்துக்கொண்டார்.

இரண்டு சின்ன விஷயங்கள் சொல்லியே ஆகணும். ஒன்று, சாகும் முன் அவர் ஆசைப்பட்டது ஒரு தின்பண்டத்துக்கு. ரோமில் ஜாக்கோபா என்ற சீமாட்டி செய்து கொடுக்கும் பாதாம் இனிப்பு. அதைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் எழுதவைத்தார். கடிதம் கிளம்பும் முன்பே அந்த அம்மா இனிப்போடு வந்து நின்றார். இன்னொன்று, வாழ்நாள் முழுக்கக் கழுதை என்று கேலி செய்து, பட்டினி போட்டு வதைத்த தன் உடம்பிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். நம்மை நாமே வதைத்துக்கொள்வது பக்தி இல்லை என்பது அவருக்கும் கடைசியில்தான் புரிந்தது. அதை ஒப்புக்கொள்ளவும் ஒரு தாழ்மை வேண்டும்.

போர்ஸியுங்கோலாவுக்குத் தூக்கிவரச் சொல்லி, வெறும் தரையில் படுக்கவைக்கச் சொன்னார். 1226 அக்டோபர் 3 மாலை அவர் உயிர் பிரிந்தது. வயது 44 அல்லது 45. இரண்டே ஆண்டுகளில், 1228 ஜூலையில், போப் ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார்.

நமக்கு என்ன?

உங்க வாட்ஸ்அப்பில் பிரான்சிஸ் எழுதியதாக அமைதிக்கான ஒரு ஜெபம் அடிக்கடி வந்திருக்கும். அது நல்ல ஜெபம்தான். ஆனால் அவர் எழுதியதல்ல, 1912-ல் பிரான்ஸில் ஒரு பத்திரிகையில் முதலில் வெளியானது. பிரான்சிஸ் என்றதும் பறவைகளோடு பேசும் சாந்தமான முகம் மட்டும் நினைவுக்கு வருவதும் அந்த மாதிரிதான். அந்த முகத்துக்குப் பின்னால் தோற்ற போர்வீரன், சபிக்கப்பட்ட மகன், ஓரங்கட்டப்பட்ட தலைவர், வலியில் அழுத நோயாளி எல்லோரும் இருக்கிறார்கள்.

வேலையை விட்டுடுங்க, எல்லாத்தையும் தானம் பண்ணிடுங்க என்று சொல்வதற்காக இந்தக் கதை இல்லை. வறுமையை அவர் தானே தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுக்காமலே வறுமையில் இருப்பவர்களிடம் போய், சந்தோஷமா இருங்க என்று அவர் உபதேசம் செய்யவில்லை. அவர்களோடு போய் இருந்தார், அவ்வளவுதான்.

நாம் பெரும்பாலும் சந்தோஷத்தைக் கடைசியில் வைக்கிறோம். இந்த இன்டர்வியூ முடியட்டும், இந்தக் கடன் அடையட்டும், அவங்க என்னை மதிக்கட்டும், அப்புறம் சந்தோஷமா இருப்பேன் என்று. பிரான்சிஸ் வாழ்க்கையில் பிரச்னைகள் எதுவும் கடைசி வரை தீரவில்லை. பெரியவனாக இருந்தே ஆக வேண்டும் என்ற பாரத்தை அவர் இறக்கி வைத்துவிட்டார். கடவுள் கீழே இறங்கி வந்தவர் என்று அவர் உண்மையாகவே நம்பியதால், கீழே போவது அவருக்குப் பயமாக இல்லை. கையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், எல்லாவற்றையும் பரிசாகப் பார்க்க முடிந்தது. வெளிச்சம், தண்ணீர், ஒரு துண்டு பாதாம் இனிப்பு வரை.

இன்னைக்கு ராத்திரி போனைக் கீழே வைக்கும் முன், நீங்க தவிர்த்துக்கொண்டே இருக்கும் ஒரு மனிதரை நினைத்துப் பாருங்க. யாரும் பேசாத அந்த ஹாஸ்டல் பையனாக இருக்கலாம், நீங்க சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் உங்க அப்பாவாகக்கூட இருக்கலாம். நாளைக்கு அவர் பக்கத்தில் போய்ப் பத்து நிமிஷம் உட்காருங்க. அறிவுரை எதுவும் வேண்டாம். பசியில் கத்திய அந்தச் சகோதரரோடு நள்ளிரவில் உட்கார்ந்து சாப்பிட்டாரே பிரான்சிஸ், அந்த மாதிரி உட்கார்ந்தால் போதும்.